ஏழு முறை ஷூ கழற்றிய நாள்

ஜனவரி 16, அகமதாபாத்

பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு கிளம்பி வந்துவிட்டோம். இங்கே உத்தராயண் முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது. நமக்கு சர்க்கரைப் பொங்கல் என்றால் இவர்களுக்குக் காற்றாடி. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் பட்டது கோட்டையும் இல்லை, கோபுரமும் இல்லை. ஒவ்வொரு வேப்பமரத்திலும் மின்கம்பியிலும் கிழிந்த காற்றாடிகள். சிவப்பு, ஊதா, பச்சை. யாரோ ஊருக்கே துணி துவைத்துக் காயப்போட்டு எடுக்க மறந்தது போல.

இன்னொன்றும் கவனித்தேன். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் பலர் ஹேண்டில் பாருக்கு மேல் வளைத்த கம்பி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கழுத்தைச் சுற்றித் துணி வேறு. ஆட்டோக்காரரிடம் கேட்டதற்குக் கையால் கழுத்தை அறுப்பது போலக் காட்டினார். மாஞ்சா நூல். கண்ணாடித் தூள் பூசிய நூல் எங்கேயாவது குறுக்கே தொங்கினால் வண்டியில் வேகமாக வருகிறவரின் கழுத்து அதில்தான் மாட்டும். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரவு தங்குமிடத்துக்குப் பக்கத்தில் குஜராத்தி 'தாலி', அதாவது தட்டுச் சாப்பாடு. ஆளுக்கு 350 ரூபாய். பருப்பில் வெல்லம், 'கடி' என்ற மோர்க்குழம்பில் சர்க்கரை. கணவர் முதல் வாய் பருப்பை விழுங்கிவிட்டு, "ஏம்மா, பாயசத்தை முதல்லயே ஊத்திட்டாங்களா?" என்றார். ஊந்தியு மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்தது. குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் கூட்டு அது. சேனை, கத்தரி, அவரை, வெந்தயக்கீரை உருண்டை எல்லாம் எண்ணெயில் மிதக்கும். பரிமாறுகிறவரிடம் 'போதும்' என்ற சொல் எந்த மொழியிலும் எடுபடவில்லை. கையால் தட்டை மூடினால் விரல் இடுக்கு வழியாக நெய்யை விட்டுவிட்டுப் போகிறார்.

ஜனவரி 17, காலை

பழைய ஊரைச் சுற்றிக் காட்டும் முழுநாள் நடை. ஆளுக்கு 1,500 ரூபாய், சாப்பாட்டுச் செலவு தனி. காலை 7.45க்கு காலுப்பூர் சுவாமிநாராயண் கோயில் வாசலில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். நன்றாகவே குளிர்ந்தது. எங்களோடு புனேயிலிருந்து ஒரு ஜோடி, கட்டடக்கலை படிக்கும் பெண் ஒருத்தி, பிரான்ஸிலிருந்து இரண்டு வயதான பெண்மணிகள். எல்லாரும் செருப்பு. நான் மட்டும் 'நிறைய நடக்கணுமே' என்று புதிதாக வாங்கிய, லேஸ் கட்டுகிற ஷூ. இந்தத் தப்பின் முழுப் பரிமாணமும் மாலைக்குள் புரிந்தது.

வழிகாட்டிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கே போனாலும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிட்டார்கள். நம் ஊரில் பாய் என்றால் மனதில் வருகிற ஆள் வேறு. இங்கே சகோதரன் என்ற பொருளில் அது பேரோடு ஒட்டாத ஆணே இல்லை, பெண் என்றால் 'பென்', சகோதரி. பத்து நிமிடத்தில் நானும் ஏதோ ஒரு பென் ஆகிவிட்டேன்.

கோயில் 1822இல் கட்டியது, சுவாமிநாராயண் மரபின் முதல் கோயில். பர்மா தேக்கில் செதுக்கிய தூண்கள், வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் மிட்டாய்க் கலரில் வண்ணம். மரத்தை அப்படியே விட்டிருக்கலாமே என்று தோன்றியது. நம் கோபுரங்களை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். ஷூ கழற்றியது: ஒன்று.

கோயிலிலிருந்து வெளியே வந்ததும் ஃபாஃப்டா, ஜிலேபி. கடலைமாவில் நீளமாகப் பொரித்த ஃபாஃப்டா, பக்கத்தில் பப்பாளிக்காய்த் துருவல், பொரித்த பச்சைமிளகாய், சூடான ஜிலேபி. காலை எட்டரை மணிக்கு ஜிலேபி சாப்பிடும் ஊர். ஒரு தட்டு 70 ரூபாய். உப்புக்கும் இனிப்புக்கும் நடுவே மிளகாயைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்று கடைக்காரர் செய்தே காட்டினார். ஐந்து பேர் வரிசையில் நிற்க, அவர் நிதானமாக எனக்குப் பாடம் எடுத்தார். யாரும் முணுமுணுக்கவில்லை.

அங்கிருந்து போள்களுக்குள் நுழைந்தோம். போள் என்பது ஒரு தெருவும் இல்லை, அக்ரஹாரமும் இல்லை. ஒரே வாசல் வைத்த குட்டி ஊர் என்று சொல்லலாம். பெரிய மரக்கதவு, அதற்கு மேலே காவல்காரருக்கு ஓர் அறை. உள்ளே போனால் முட்டுச்சந்துகள், ஒரு கோயில், ஒரு கிணறு, அறிவிப்பு எழுத ஒரு கரும்பலகை. 18ஆம் நூற்றாண்டில் மராத்தியரும் முகலாயரும் இந்த ஊரை மாறி மாறிப் பிடித்த காலத்தில், இரவானால் கதவைச் சாத்திக்கொண்டு உயிரோடு இருந்ததே இந்தப் போள்களின் சாமர்த்தியம். வீட்டை விற்பதென்றால்கூட முதலில் போள்காரர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று வழக்கம் இருந்ததாம்.

அப்படி வெளியாளை உள்ளே விடக்கூடாது என்றே கட்டிய இடத்துக்குள் நாங்கள் எட்டுப் பேர் தொப்பியும் கேமராவுமாக நுழைகிறோம். ஒரு வீட்டுத் திண்ணையில் ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருக்கிறார். இன்னொரு திண்ணையில் அவரைக்காய் உரிக்கிறார்கள். திண்ணைக்கு இங்கே ஓட்லோ என்று பெயர். தெருவின் அகலம் கையை இரண்டு பக்கமும் நீட்டினால் முடிந்துவிடும். பல் துலக்குகிறவரை இடிக்காமல் போக முடியாது. எனக்குக் கூச்சமாகவே இருந்தது. நம் வீட்டு வாசலில் தினம் காலையில் எட்டுப் பேர் நின்று கூரையைக் காட்டிப் பேசினால் நான் என்ன செய்வேன்? அவரோ வாயில் நுரையோடு தலையை ஆட்டி 'கேம் சோ' (எப்படி இருக்கிறீர்கள்) என்றார்.

ஒரு கதவு, பார்ப்பதற்கு யாருடைய வீட்டுக் கதவோ போல இருந்தது. பாய் தள்ளித் திறந்து உள்ளே போய்விட்டார். பின்னாலேயே போனோம். இருட்டான குறுகிய நடை, இரண்டு திருப்பம், வெளியே வந்தால் வேறு போள். ஆபத்து வந்தால் தப்பிப் போக வைத்த வழியாம். புனேக்காரர் போனில் பேசிக்கொண்டு வந்தவர், கதவைக் கவனிக்காமல் நேரே போய்விட்டார். போன் பிஸி. அவர் மனைவிக்குப் பதற்றத்தைவிடக் கோபம்தான் அதிகம். இருபது நிமிடம் கழித்து, பத்து வயதுப் பையன் ஒருவன் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, கடிதம் கொடுப்பவன் போல எங்களிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிப் போனான்.

ஹாஜா படேல் போளில் காலா ராம்ஜி கோயில். கருங்கல்லில் ராமர், உட்கார்ந்திருக்கிறார். வில்லோடு நிற்கும் ராமரையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவர் யாருக்காகவோ காத்திருப்பது போல இருந்தது. ஷூ: இரண்டு. அடுத்து ஒரு சமணக் கோயில், வெளியே சாதாரண வீடு மாதிரி, உள்ளே முழுக்கப் பளிங்கு. போட்டோ எடுக்கக் கூடாது. ஷூ: மூன்று. பிரெஞ்சுப் பாட்டிகள் செருப்பை உதறிவிட்டு உள்ளே போய்ப் பார்த்துத் திரும்பியும் வந்துவிட்டார்கள். நான் இன்னும் படியில் உட்கார்ந்து இடது கால் லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

கோயிலை விட்டு வெளியே வந்த இடத்தில்தான் அது நடந்தது. தலைக்கு மேலே சபூத்ரோ. பறவைகளுக்குத் தானியம் போடுவதற்கென்றே தூண் மேல் கட்டிய சின்ன மண்டபம், போளுக்குப் போள் உண்டு. அதிலிருந்து இளஞ்சிவப்பு நூல் ஒன்று தொங்கியது. முகத்தில் படாமல் ஒதுக்கலாம் என்று பிடித்து இழுத்தேன். ஆள்காட்டி விரலில் சவரக் கத்தி போட்டது போலக் கோடு. ரத்தம் சொட்ட ஆரம்பித்த பிறகுதான் வலித்தது.

எதிர் ஓட்லோவில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குள் இழுத்துப் போனார். வாசல் நிலை தாழ்வு. பின்னாலேயே வந்த கணவர் நெற்றியில் இடித்துக்கொண்டார். மஞ்சள் தூளை அப்பித் துணி சுற்றியாயிற்று. பிறகு வாசலில் நின்ற மற்றவர்களையும் உள்ளே வரச் சொன்னார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத வீடு. பாய்க்கே அது முதல் தடவையாம். ஷூ: நான்கு. இந்த முறை கணவர்தான் லேஸைக் கழற்றிவிட்டார்.

உள்ளே நடுவில் திறந்த முற்றம். சுற்றிலும் மரத்தூண். நம் தொட்டிக்கட்டு வீட்டை இரண்டு பக்கமும் அமுக்கி, உயரமாக இழுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. கூடத்தில் சங்கிலி போட்ட பெரிய ஊஞ்சல். இங்கே ஊஞ்சல்தான் சோபா. முற்றத்து மூலையில் செம்பு மூடி ஒன்று தரையோடு தரையாகப் பதித்திருந்தது. அதுதான் டாங்கா, மழைநீர்த் தொட்டி. முதல் மழையில் மொட்டைமாடியைக் கழுவிவிட்டு, அதற்கு அப்புறம் பெய்வதைக் குழாய் வழியாகத் தரைக்கு அடியில் இறக்குவார்கள். சுண்ணாம்புச் சுவர், வெயிலே படாது, அதனால் பாசி பிடிக்காது. அந்த அம்மா இன்றும் தெய்வத்துக்கும் பருப்பு வேகவைக்கவும் இந்தத் தண்ணீரைத்தான் எடுக்கிறார். ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். ருசி என்று எதுவுமே இல்லை. நல்ல தண்ணீருக்கு அதுதானே ருசி.

கட்டடக்கலைப் பெண் தூணைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கல் சுவருக்குள் மரச்சட்டம் ஓடுகிறது, அதனால் பூமி ஆடினால் வீடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்றாள். 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் இந்த ஊரின் புதிய அடுக்குமாடிகள் பல இடிந்து விழுந்தன. அந்த அம்மா அன்றைக்கு எங்கே இருந்தார் என்று பாய் கேட்டார். ஊஞ்சலைக் காட்டினார். "தானாக ஆடிற்று. யார் ஆட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்."

காற்றாடி நூலைப் பற்றியும் பேச்சு வந்தது. இந்த வருடம் சபூத்ரோவில் இரண்டு புறா சிக்கியதாம். இந்த நாட்களில் அடிபட்ட பறவைகளுக்கு அரசே தனியாக முகாம் நடத்துகிறது. "வருஷம் முழுக்கத் தானியம் போடுகிறோம், இரண்டு நாள் கழுத்தை அறுக்கிறோம்" என்றார் அந்த அம்மா, தன் பேரனைப் பார்த்து. பேரன் மொட்டைமாடிப் படியில் நூல்கண்டோடு நின்றவன், அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். கிளம்பும்போது பணம் கொடுக்கலாமா என்று பாயிடம் கண்ணால் கேட்டேன். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார்.

கவி தல்பத்ராம் சதுக்கம். 1820இல் பிறந்த குஜராத்திக் கவிஞர், அலெக்சாண்டர் ஃபோர்ப்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரிக்கு குஜராத்தி சொல்லிக் கொடுத்தவர். வீடு இப்போது இல்லை, அதன் முகப்பை மட்டும் திரும்பக் கட்டி, திண்ணையில் வெண்கலத்தில் அவரையே உட்கார வைத்திருக்கிறார்கள். எங்களுக்கும் உட்கார இடம் கிடைத்தது. ஷூவைக் கழற்ற வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்த கவிஞர்.

ஜனவரி 17, மதியத்துக்கு மேல்

கிச்சடி, கடி, ஒரு பெரிய டம்ளர் சாஸ். சாஸ் என்றால் நீர்மோர், சீரகம் தட்டிப் போட்டது. 25 ரூபாய். அந்த ஒரு டம்ளரில்தான் என் உயிர் திரும்ப வந்தது. காலையில் இருந்த குளிர் போய் வெயில் ஏறிவிட்டது. வலது குதிகாலில் கொப்புளம்.

ஜமா மசூதி, 1424. ஊரை நிறுவிய அகமது ஷா கட்டியது. 260 தூண்கள், 15 குவிமாடங்கள். சந்தைக் கூச்சலிலிருந்து படியேறினால் சட்டென்று பெரிய கல் முற்றம். ஷூ: ஐந்து. வெயிலில் கல் சுட்டது, புறாக்கள் மட்டும் நிம்மதியாக நடந்தன. முகப்பில் இரண்டு பக்கமும் மினார்களின் அடிப்பகுதி மட்டும் நிற்கிறது; மேல்பாதி 1819 பூகம்பத்தில் விழுந்துவிட்டது. அந்தக் குட்டை மினார்களைப் பார்த்தால், பேசிக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்தியது போல இருக்கிறது.

மசூதிக்குக் கிழக்கே பாத்ஷாவின் கல்லறை. அகமது ஷாவும் மகனும் பேரனும் உள்ளே. நடு மண்டபத்துக்குள் பெண்கள் போகக் கூடாது. கணவர் போனார். நானும் புனேக்காரியும் பிரெஞ்சுப் பாட்டிகளும் அந்தப் பெண்ணும் வெளியே நின்றோம். ஐந்து பேர், மூன்று தேசத்துக்குப் போதுமான எரிச்சல். அவர் வெளியே வந்து, "பெருசா ஒண்ணும் இல்லம்மா" என்று சமாதானம் சொன்னார். பெரிதாக ஒன்றும் இல்லை என்பதை நானே பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பினேன்.

ஆனால் எதிரே ராணிகளின் கல்லறை இருக்கிறது, அது வேறு கதை. அதைச் சுற்றிலும் கடைகள். கண்ணாடி பதித்த பாவாடை, ஜாக்கெட், வளையல், நவராத்திரிக்கு ஆடும்போது போடும் நகைகள். ராஜாக்கள் அந்தப் பக்கம் அமைதியாகத் தூங்க, ராணிகளைச் சுற்றிக் காலையிலிருந்து இரவு வரை பேரம். எனக்கு எந்தப் பக்கம் பிடித்தது என்று சொல்லவே வேண்டாம். ஒரு துப்பட்டாவுக்கு 800 சொன்னார், 450க்கு வாங்கினேன். பிறகு புனேக்காரி அதே துப்பட்டாவை 350க்கு வாங்கினாள்.

தீன் தர்வாஜா என்ற மூன்று வளைவு வாசலில் ஒரு மாடத்தில் விளக்கு எரிகிறது. ஊரை விட்டுப் போக வந்த லட்சுமியை, 'ராஜாவிடம் கேட்டு வருகிறேன், அதுவரை போகாதே' என்று நிறுத்தி வைத்துவிட்டு, திரும்பி வராமலே உயிரை விட்ட காவல்காரனின் கதை அது. அவன் ஒரு முஸ்லிம். இன்றும் லட்சுமிக்கு அந்த விளக்கை ஏற்றுவது ஒரு முஸ்லிம் குடும்பம். கதையைவிட விளக்குத்தான் என்னை நிறுத்தியது. கீழே ஆட்டோ, சைக்கிள், உள்ளாடை வியாபாரி, ஹாரன். அதற்கு நடுவில் ஒருவர் எண்ணெய் விடுகிறார்.

பத்ரா கோட்டை. பத்ரகாளி கோயிலில் ஷூ: ஆறு. இதற்குள் பாய் நான் உட்கார ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி வைக்கப் பழகிவிட்டார்.

கடைசியாக சிதி சையது மசூதி. சின்ன மசூதிதான், போக்குவரத்துத் தீவு போல நடுரோட்டில் இருக்கிறது. அபிசீனியாவிலிருந்து வந்த வம்சத்தைச் சேர்ந்த சிதி சையது 1573இல் கட்டினார். அதே நேரத்தில் அக்பர் குஜராத்தைப் பிடித்துவிட்டார், சுல்தான்கள் கதை முடிந்தது. ஷூ: ஏழு. முற்றத்தில் நின்று முன்பக்க வளைவுகள் வழியாக உள்ளே பார்த்தோம். சரியாக மாலை. மேற்குச் சுவரின் கல் சல்லடைக்குப் பின்னால் சூரியன். ஒரு மரம், அதோடு பின்னிக்கொண்டு கிளைகள், இலைகள், நடுவே ஒரு பனை. கல் என்று மூளை சொல்கிறது, கண் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. இங்குள்ள ஐஐஎம் இதைத்தான் சின்னமாக வைத்திருக்கிறது. அன்று முழுக்க வாய் ஓயாமல் பேசிய பாய் இங்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை. பத்து நிமிடம். நல்ல வழிகாட்டி என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

ஜனவரி 17, இரவு

மாணெக் சௌக். காலையில் மாட்டுத் தீவனமும் காய்கறியும், பகலில் தங்கம், இரவில் சாப்பாடு. ஒரே இடம், மூன்று சந்தை. நகைக்கடைகள் ஷட்டரை இறக்கியதும் அதே வாசலில் அடுப்பு ஏறுகிறது. கடை வாசல் தூசியைக் கூட்டி அள்ளி, அதில் உதிர்ந்த தங்கத் துகளைப் பிரித்தெடுத்தே பிழைக்கிறவர்களும் உண்டு.

தோசையைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு கட்டி வெண்ணெய், மேலே காய்கறி, மேலே சீஸ், மேலே மறுபடி வெண்ணெய். 240 ரூபாய். சுடுகிறவர் நாங்கள் தமிழ்நாடு என்று தெரிந்ததும் பெருமையாக, "உங்க ஊர்ல இப்படிக் கிடைக்காது" என்றார். சத்தியமான உண்மை. சட்னி இனித்தது. பிறகு அன்னாசி, சாக்லேட், சீஸ் மூன்றையும் ஒரே ரொட்டிக்குள் வைத்த சாண்ட்விச். கணவர் முழுசாகச் சாப்பிட்டார், அவமானம்.

அன்று நடந்தது 23,000 காலடி என்றது போன்.

ஜனவரி 18

எழுந்து நிற்கவே முடியவில்லை. பத்து மணிக்கு மேல் செருப்பு ஒன்று வாங்கிக்கொண்டு (180 ரூபாய், நேற்றே செய்திருக்க வேண்டியது) சபர்மதி ஆசிரமம். ஆற்றங்கரையில் வேப்பமரம், அணில்கள், ஓடு போட்ட சின்ன வீடு. இங்கிருந்துதான் 1930 மார்ச் 12 அன்று காந்தி தண்டிக்குக் கிளம்பினார். அறுபது வயது, 24 நாள், 385 கிலோமீட்டர். நான் குதிகாலில் பிளாஸ்திரியோடு படியில் உட்கார்ந்திருந்தேன். கணவர் அந்தத் தகவல் பலகையைப் படித்துவிட்டு என் காலைப் பார்த்தார். "ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 19, ரயிலில்

எதிர் சீட்டில் ஒரு தமிழ்ப் பாட்டி. அகமதாபாத் மணிநகரில் நாற்பது வருஷமாக இருக்கிறாராம். வீட்டுக்காரர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர், ஆலை மூடிய பிறகும் ஊர் திரும்பவில்லை. தமிழில் பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் 'ஹா, ஹா' என்று குஜராத்தியில் தலையாட்டுவார். என் விரல் கட்டைப் பார்த்ததும், கேட்காமலே, "மாஞ்சாவா?" என்றார்.

இங்கே பருப்பிலெல்லாம் வெல்லம் போடுகிறார்களே, எப்படிப் பாட்டி சமாளித்தீர்கள் என்று கேட்டேன். "ஐயோ, அதையேன் கேக்கிறே! நான் இன்னிக்கு வரைக்கும் நம்ம சமையல்தான்" என்று சொல்லி டிபன் பாக்ஸைத் திறந்து எங்கள் இருவருக்கும் புளியோதரை வைத்தார்.

இனித்தது. கணவர் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். பாட்டி இன்னொரு கரண்டி வைத்தார்.